படப்பெட்டியின் யாத்திரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிச்சிகன் என்பது ஒரு ராஜ்யம். மோட்டார் வண்டித் தொழிலுக்குப் பெயர்போன டெட்ராய்ட் நகரத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 40 மைல் சென்றால் ஆன் ஆர்பர் என்னும் ஊரை அடையலாம். 1837-ல் டெட்ராய்டை விட்டு அங்கே குடியேறிய சர்வகலாசாலைதான் அவ்வூருக்கு உயிர். அங்கே 1963-ம் வருஷம் ஒரு சித்திரக்கலை ஆசிரியர் ஆரம்பித்த காரியத்தைப் பற்றியும், அதற்கு 2006-ல் நேர்ந்த சோதனையைப் பற்றியும் இன்று எழுத விரும்புகிறோம். சினிமாவுக்கு இந்தப் பக்கத்தில் என்ன வேலை என்று நமது நேயர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். அந்தக் கனவான்கள் கடைசிவரை படித்துவிட்டுப் பிறகு நம்மோடு சண்டைக்கு வரட்டும்.

அந்த ஆசிரியரின் பெயர் ஜார்ஜ் மானுபெல்லி. சர்வகலாசாலையின் கட்டடக்கலைப் பிரிவுக்குச் சொந்தமான பிரசங்க மண்டபத்தில் அவர் ஒரு படவிழாவைத் தொடங்கினார். ஹாலிவுட் முதலாளிகளின் படங்களுக்கு அங்கே இடமில்லை. தனி மனிதர்கள் தங்கள் கையால், தங்கள் காசில், பெரும்பாலும் தங்கள் வீட்டிலேயே செய்த சிறு படங்களுக்குத்தான் இடம். ஆன் ஆர்பர் படவிழா என்று அதற்குப் பெயர். வருஷா வருஷம் மார்ச் மாதத்தையொட்டி அது நடந்துவருகிறது. வட அமெரிக்காவில் இவ்வகைப் படங்களுக்கென்று இவ்வளவு நீண்டகாலம் இடைவிடாமல் நடக்கும் விழா வேறில்லை என்று அபிமானிகள் பெருமை பேசுவதுண்டு. அந்தப் பெருமை நியாயமானதே. கெனத் ஆங்கர், ஆண்டி வார்ஹோல், ஆக்னஸ் வார்டா, பிரையன் டி பால்மா, ஜார்ஜ் லூகாஸ் முதலியவர்களின் படங்கள் அத்திரையில் ஓடியிருக்கின்றன. இவர்களில் சிலர் பின்னாளில் கோடிக்கணக்கில் பணம் புரளும் படங்களைச் செய்தார்கள் என்பதை விழாவின் புகழாகவும் கொள்ளலாம், பழியாகவும் கொள்ளலாம். நேயர்கள் தங்கள் மனம்போல் முடிவு செய்துகொள்ளட்டும்.

இவ்வகைப் படங்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத் தழுவி நாம் 'சோதனைப் படங்கள்' என்று சொல்லுவோம். சோதனை என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தங்கள் உண்டு. புதிதாக ஒன்றைச் செய்து பார்ப்பது ஒன்று. பார்ப்பவன் பொறுமையைப் பரீக்ஷிப்பது மற்றொன்று. இந்தப் படங்களுக்கு இரண்டுமே பொருந்தும் என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை. கதாநாயகன் இல்லை, கதாநாயகி இல்லை. பல படங்களில் கதையே இல்லை. ஸ்டான் பிராக்கேஜ் என்பவர் 1963-ல் செய்த 'மாத்லைட்' என்ற படத்துக்குக் காமிராவே இல்லை. விளக்கில் விழுந்து செத்த விட்டில்களின் இறகுகளையும், பூவிதழ்களையும், புல்லையும் எடுத்து, ஒட்டும் தன்மையுள்ள இரண்டு கண்ணாடி நாடாக்களுக்கு நடுவில் வைத்து அழுத்தி, அதையே பிலிமாக்கி ஓட்டினார். சில நிமிஷங்களில் முடிந்துவிடும் படம். திரையில் இறகுகள் நரம்பு தெரியப் படபடத்து மறைகின்றன. செத்த பூச்சியை வெளிச்சத்தால் மறுபடியும் பறக்கவைத்த வித்தை அது. டோனி கான்ராட் என்பவர் 1966-ல் செய்த 'தி பிளிக்கர்' படத்தில், ஆரம்பத்திலுள்ள எழுத்துக்களைத் தவிர, வெறும் கறுப்புச் சட்டங்களும் வெள்ளைச் சட்டங்களும்தான் இருக்கின்றன. அவை மாறி மாறிக் கண்ணில் அடிக்கும் வேகத்தில் இல்லாத நிறங்களெல்லாம் தோன்றுகின்றன. காக்கைவலிப்பு உள்ளவர்கள் பார்க்க வேண்டாமென்று அந்தப் படமே முன்னால் எச்சரிக்கை செய்கிறது. மைக்கேல் ஸ்நோ 1967-ல் செய்த 'வேவ்லெங்த்' முக்கால் மணி நேரம் ஓடும். ஓர் அறையின் இந்தக் கோடியிலிருந்து எதிர்ச் சுவரில் ஒட்டியுள்ள ஒரு கடல் படம் வரையில் காமிராவின் பார்வை மெள்ள மெள்ள நெருங்கிச் செல்லுகிறது. நடுவே ஒரு மனிதன் வந்து கீழே விழுந்து இறக்கிறான். அதைக்கூடக் காமிரா சட்டை செய்யாமல் தன் வழியே போகிறது. முதல் பத்து நிமிஷம் நமக்குக் கோபம் வந்தது. கடைசி ஐந்து நிமிஷம் நாற்காலியை விட்டு எழ மனம் வரவில்லை. இதற்கு மேல் அதை விமர்சிக்க நமக்குச் சாமர்த்தியம் போதாது.

இந்தப் படங்கள் ஏன் இவ்வளவு சிறியவையாக இருக்கின்றன? கலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆயிரம் தத்துவங்கள் சொல்லுவார்கள். நமக்குத் தெரிந்த காரணம் பணம். 1923-ல் கோடக் கம்பெனியார் 16 மில்லிமீட்டர் அகலமுள்ள பிலிமை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கொட்டகைகளில் ஓடிய 35 மில்லிமீட்டர் பிலிம் அப்போது எளிதில் தீப்பற்றக்கூடியது, விலையும் அதிகம். புதிய பிலிமோ வீட்டில் வைத்து ஓட்டக்கூடியது, தீப்பிடிக்காதது. அதில் ஓர் அடிக்கு 40 சட்டங்கள். விநாடிக்கு 24 சட்டங்கள் ஓடுமானால் ஒரு நிமிஷத்துக்கு 36 அடி செலவாகும். நூறடிச் சுருள் ஒன்று வாங்கினால் 2 நிமிஷம் 46 விநாடிக்குப் படம் எடுக்கலாம். பிறகு கழுவ வேண்டும், பிரதி எடுக்க வேண்டும், ஒலி சேர்க்க வேண்டும். உபாத்தியாயர் வேலையோ ஹோட்டல் வேலையோ பார்த்துக்கொண்டு படம் செய்கிறவன் எத்தனை நூறடி வாங்க முடியும்? பத்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட வேண்டுமென்ற சிக்கனம் அவனுக்குத் தானாக வந்துவிடுகிறது. கொட்டகை முதலாளி தேடி வராததால், ஜனங்களுக்குப் பிடிக்குமா என்று அஞ்ச வேண்டியதும் இல்லை. தரித்திரம் இப்படி ஒரு சுதந்திரத்தைக் கொடுத்தது. ஆன் ஆர்பர் விழா 2003 வரையில் 16 மில்லிமீட்டர் படங்களைத் தவிர வேறு எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

படம் செய்துவிட்டால் போதுமா? அதை யார் பார்ப்பது? எழுதினவன் கையெழுத்துப் பிரதியை நாலு பேரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லலாம். பிலிமுக்கு இயந்திரம் வேண்டும், இருட்டறை வேண்டும், ஆள் வேண்டும். மாயா டெரன் என்ற அம்மையார் 1943-ல் 'மெஷஸ் ஆப் தி ஆப்டர்நூன்' என்ற படத்தைத் தம் கணவரோடு சேர்ந்து செய்தார். அதைத் திரையிட எந்தக் கொட்டகைக்காரரும் ஓடி வரவில்லை. 1946-ல் அவரே நியூயார்க்கில் ஒரு சிறு நாடகக் கொட்டகையை வாடகைக்கு எடுத்துத் தம் படங்களைக் காட்டினார். கலாசாலைகளுக்குப் படங்களை எடுத்துச் சென்று காட்டிப் பேசினார். அதைப் பார்த்து ஊக்கம் கொண்ட ஏமோஸ் வோகல் மறுவருஷம் 'சினிமா 16' என்ற சங்கத்தை ஆரம்பித்து 1963 வரையில் நடத்தினார். அங்கத்தினர்கள் மட்டுமே பார்க்கும் சங்கமாக அதை நடத்தியதற்குச் சென்ஸாரின் தொல்லை ஒரு முக்கியக் காரணம். 1962-ல் படம் செய்கிறவர்களே கூடி நியூயார்க்கில் ஒரு கூட்டுறவு ஸ்தாபனம் அமைத்துத் தங்கள் படங்களை வாடகைக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

இந்த வரிசையில்தான் ஆன் ஆர்பர் விழாவின் யாத்திரை வருகிறது. விழா தொடங்கிய மறுவருஷமே, 1964-ல், தேர்ந்தெடுத்த படங்களைப் பெட்டியில் போட்டு ஊர் ஊராய் அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. அன்றிலிருந்து அது நடந்துவருகிறது. விழாவில் காட்டப்பட்ட படங்களில் சிலவற்றைப் பொறுக்கி, ஒரே அமர்வில் பார்க்கத்தக்க நிகழ்ச்சியாகக் கோத்து, சர்வகலாசாலைகளுக்கும் பொருட்காட்சிச் சாலைகளுக்கும் சிறிய கொட்டகைகளுக்கும் அனுப்புகிறார்கள். வருஷத்துக்கு முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் நிகழ்ச்சி நடக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியிலும் போகிறது. ஒவ்வொரு காட்சிக்கும் படம் செய்தவருக்குப் பணம் கொடுக்கிறார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை நேயர்கள் இரண்டு தரம் படிக்க வேண்டும். படவிழாக்களில் பெரும்பான்மையானவை படம் செய்தவரிடம் அனுமதிக் கட்டணம் வாங்குகின்றனவே தவிர அவருக்குக் கொடுப்பதில்லை. விழாவில் காட்டுவதே பெரிய கௌரவம், அதற்கு மேல் என்ன வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். பத்திரிகையில் பெயர் போடுகிறோமே, சன்மானம் எதற்கு என்று கேட்கும் பத்திரிகாசிரியர்கள் நமது ஜாதியிலும் உண்டு. தொகை சிறியதாக இருக்கலாம். ஆனால் கூலி கொடுத்து வாங்கும் சரக்கை மனிதர்கள் வேறு கண்ணோடு பார்க்கிறார்கள்.

யாத்திரையால் மற்றொரு லாபமும் உண்டு. நியூயார்க்கிலும் ஸான் பிரான்ஸிஸ்கோவிலும் மட்டும் பார்க்கக் கிடைத்த படங்களை, நடுநாட்டுக் கலாசாலைகளில் படிக்கும் ஏழை மாணாக்கன் பார்த்தான். பார்த்தவர்களில் நாலு பேர் தாங்களும் நூறடிச் சுருள் வாங்கினார்கள். அந்த நாலு பேரின் படங்கள் பின்னொரு மார்ச் மாதத்தில் ஆன் ஆர்பருக்கு வந்து சேர்ந்தன. அக்கம்பக்கத்துக் கலைகளும் வந்து கலந்துகொண்டன. 1966-ல் வார்ஹோலும் அவரோடு சேர்ந்த 'வெல்வெட் அண்டர்கிரவுண்ட்' என்னும் சங்கீதக் கோஷ்டியாரும் விழாவுக்கு வந்து பெருஞ் சத்தத்தோடு கச்சேரி செய்தார்கள். 'டீவோ' என்ற கோஷ்டியார் யாருக்கும் தெரியாத காலத்தில் செய்த சிறு படம் 1977-ல் அங்கே பரிசு பெற்றது. 1980-ல் விழா, பிரசங்க மண்டபங்களை விட்டு, 1928-ல் திறக்கப்பட்ட மிச்சிகன் தியேட்டர் என்ற பெரிய கொட்டகைக்குக் குடிபெயர்ந்தது. கடைகள் கட்டுவதற்காக இடிபட இருந்த அந்தக் கொட்டகையை ஊரார் கூடிக் காப்பாற்றியிருந்தார்கள்.

இனி, சோதனையின் கதைக்கு வருவோம். அதற்கு முன் கொஞ்சம் சட்டம் பேச வேண்டியிருக்கிறது. வக்கீல் தொழிலின் வாசனை நம்மை விட்டு இன்னும் முற்றும் போகவில்லை. நேயர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேச்சுரிமையையும் பத்திரிகை உரிமையையும் குறைக்கும் சட்டம் எதையும் செய்யலாகாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் கூறுகிறது. சினிமாவுக்கு அந்த உரிமை உண்டா? ஒஹையோ ராஜ்யத்தின் சென்ஸார் சட்டத்தைப் பற்றிய வழக்கில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1915-ல் கொடுத்த பதில், இல்லை என்பது. படக்காட்சி லாபத்துக்காக நடக்கும் வியாபாரமே தவிர, தேசத்தின் பத்திரிகைகளைப் போல் கருதத்தக்கதல்ல என்று ஜட்ஜுகள் ஒருமுகமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். பத்திரிகைகளும் காசுக்குத்தான் விற்கப்படுகின்றன என்பது அந்தக் கனம் ஜட்ஜுகளின் ஞாபகத்துக்கு வரவில்லை போலும். 37 வருஷங்கள் அந்தத் தீர்ப்பு நின்றது. 1952-ல் ரோஸலீனியின் 'தி மிரகிள்' என்ற இத்தாலியப் படத்தை நியூயார்க் அதிகாரிகள் மதநிந்தை என்று தடுத்த வழக்கில்தான் கோர்ட் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டது. சினிமாவும் கருத்தை வெளியிடும் சாதனமே என்று அப்போது ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் ராஜ்ய சென்ஸார் சபைகள் உடனே மறைந்துவிடவில்லை. மேரிலாண்ட் சபை 1981 வரையில் உயிரோடிருந்தது.

ஜாக் ஸ்மித் என்பவர் 1963-ல் செய்த 'பிளேமிங் கிரீச்சர்ஸ்' என்ற படம் இந்தச் சட்டத்தின் இடுக்கில் மாட்டிக்கொண்டது. நிர்வாணக் காட்சிகள் கொண்ட விகடப் படம். அதை 1964-ல் நியூயார்க்கில் காட்டிய ஜோனஸ் மேகாஸையும் அவருடைய நண்பர்களையும் போலீஸார் பிடித்துச் சென்றனர்; அவர்கள் குற்றவாளிகள் என்று கோர்ட் தீர்மானித்தது. 1967 ஜனவரியில் ஆன் ஆர்பரிலேயே, படவிழா நடந்துவந்த அதே கட்டடக்கலை மண்டபத்தில், மாணாக்கர்களின் சினிமா சங்கம் ஒன்று அந்தப் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது போலீஸார் நடுவில் புகுந்து சுருளைப் பறித்துச் சென்றார்கள். நியூயார்க் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரையில் போயிற்று. தண்டனைக் காலம் கழிந்துவிட்டபடியால் இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று சொல்லி 1967-ல் கோர்ட் அப்பீலைத் தள்ளிவிட்டது. ஜட்ஜ் போர்ட்டாஸ் அதை ஒப்பவில்லை. மறுவருஷம் அவரைப் பிரதம ஜட்ஜாக உயர்த்தப் பிரேரணை வந்தபோது, ஸெனட்டர் தர்மண்ட் என்பவர் அதே படத்தைத் தருவித்து ஸெனட்டர்களுக்குப் போட்டுக் காட்டினார். ஜனங்கள் ஒருவரும் பார்க்கக்கூடாத படம் என்று சொன்னவர்களே அதற்குப் பிரசாரகர்களாக முன்வந்தார்கள்! போர்ட்டாஸின் நியமனம் நிறைவேறவில்லை. அதற்குப் படம் ஒன்றே காரணமென்று சொல்ல மாட்டோம். வேறு வலுவான காரணங்களும் இருந்தன.

2006-க்குள் போலீஸ்காரர் சுருளைப் பிடுங்கும் காலம் மலையேறிவிட்டது. அதற்குப் பதிலாக நாகரிகமான முறை ஒன்று வந்திருந்தது. மிச்சிகன் ராஜ்ய சர்க்கார், கலை, பண்பாட்டு விவகாரக் கவுன்சில் என்ற ஸ்தாபனத்தின் மூலம் கலை நிகழ்ச்சிகளுக்கு மானியம் கொடுத்துவந்தது. ஆன் ஆர்பர் விழாவுக்கும் அதில் பங்கு இருந்தது. அந்த மானியத்தோடு சில நிபந்தனைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. பால் சம்பந்தமான செய்கையைக் காட்டும் காட்சி கூடாது. மதச் சின்னத்தின்மேல் மனிதக் கழிவைக் காட்டலாகாது. தேசியக் கொடியை அவமதிப்பதைச் சித்திரிக்கலாகாது என்பவை அவை. விழாவில் காட்டிய சில படங்கள் இவற்றுக்கு விரோதமானவை என்று 2006-ல் ஒரு கட்டுரை வெளிவந்தது. சட்டசபையினர் சிலர் அதைக் கையிலெடுத்து, ஜனங்களின் வரிப்பணத்தை ஆபாசத்துக்கா கொடுப்பது என்று சண்டமாருதமாய்ப் பேசினார்கள். அப்படிப் பேசுகிறவர்களில் எத்தனை பேர் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவார்கள் என்பது எல்லாத் தேசங்களுக்கும் பொதுவான சந்தேகம். விழாவுக்கு வந்துகொண்டிருந்த ராஜ்ய மானியம் நின்றது.

விழா நிர்வாகிகளுக்கு இரண்டு வழிகள் இருந்தன. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, இனிமேல் படங்களைப் பார்த்துப் பொறுக்குவோம் என்று எழுதிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அல்லது பணம் வேண்டாமென்று சொல்லலாம். அவர்கள் பணத்தை விட்டார்கள். சிறு ஸ்தாபனத்துக்கு இது லேசான காரியமல்ல. வாடகை கொடுக்க வேண்டும், பரிசு கொடுக்க வேண்டும், யாத்திரைக்குச் செலவு உண்டு, சம்பளம் உண்டு. ஊராரிடமும் வெளியூர் அபிமானிகளிடமும் விண்ணப்பம் போட்டு நிதி திரட்டினார்கள். அதோடு நிற்காமல், அமெரிக்கப் பிரஜா உரிமைச் சங்கத்தின் துணையோடு 2007-ல் ராஜ்ய சர்க்காரின் மேல் வழக்குத் தொடுத்தார்கள். வருஷம் முடிவதற்குள் சட்டசபையே அந்த நிபந்தனைகளை நீக்கியது. வழக்கு அதோடு முடிந்தது.

சர்க்கார் தரப்பில் பேசுவதற்கு ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. மானியம் என்பது யாருக்கும் பிறப்புரிமை அல்ல. குடியானவனிடம் வசூலித்த வரியை எதற்குச் செலவிடலாம் என்று அவனுடைய பிரதிநிதி கேட்பதில் குற்றமில்லை. பணம் கொடாதிருப்பது வேறு, வாயை அடைப்பது வேறு என்ற வாதத்துக்குச் சட்ட ஆதாரமும் உண்டு. 1998-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், தேசியக் கலை நிதியைப் பற்றிய கரென் பின்லி வழக்கில், மானியம் வழங்கும்போது பொதுவான கண்ணியத்தையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஷரத்தைச் செல்லுபடியாக்கியது. ஆனால் அந்தத் தீர்ப்பை ஊன்றிப் படிக்க வேண்டும். பல விஷயங்களோடு இதையும் கவனிக்கலாம் என்ற அளவில் நிற்கும் யோசனையாகவே கோர்ட் அதைக் கொண்டது. கருத்தைப் பார்த்துத் தண்டிக்கும் தடையாக இருந்தால் வேறு கேள்வி எழும் என்பதையும் குறிப்பிட்டது. மிச்சிகன் ஷரத்துக்கள் யோசனை அல்ல, அப்பட்டமான தடை.

அந்தத் தடையின் வார்த்தைகளைக் கவனியுங்கள். பால் சம்பந்தமான செய்கை என்றால் எதுவரை? ஆடவனும் பெண்ணும் கட்டிலில் உட்கார்ந்திருப்பது அதில் சேருமா? டாக்டர்கள் பாடம் சொல்லும் படம் சேருமா? கொடியை எரிப்பதே அமெரிக்காவில் குற்றமல்ல என்று அவர்களுடைய சுப்ரீம் கோர்ட் 1989-ல் டெக்ஸாஸ் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அப்படியிருக்க, எரிப்பதைச் சித்திரிப்பது எப்படிக் குற்றமாகும்? வியட்நாம் யுத்தத்தை எதிர்த்து நடந்த கிளர்ச்சிகளைப் பற்றிச் சரித்திரப் படம் செய்கிறவன், எரிந்த கொடியைக் கத்தரித்துவிட்டு எதைக் காட்டுவது? ஒரு விழாவில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் காட்டப்படுகின்றன. அவற்றில் ஏதோ ஒன்றில் அரை நிமிஷம் வரும் காட்சிக்காக முழு விழாவின் மானியமும் போகுமானால், நிர்வாகிகள் என்ன செய்வார்கள்? சந்தேகத்துக்கு இடமான படங்களையெல்லாம் முன்கூட்டியே ஒதுக்கிவிடுவார்கள். யாத்திரைப் பெட்டியில் சாதுப் படங்கள் மட்டும் ஏறும். தூரத்து ஊரில் பார்ப்பவனுக்கு, எது ஒதுக்கப்பட்டது என்பதே தெரியாது. சென்ஸார் கத்தரித்த படத்தில் வெட்டுத் தழும்பாவது இருக்கும். பயந்து ஒதுக்கிய படத்துக்கு அடையாளமே கிடையாது.

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. 1910-ம் வருஷத்து இந்திய அச்சுச் சட்டத்தின் 4-வது ஷரத்தைப் படித்தவர்களுக்கு இது நன்றாக விளங்கும். நேராகவோ மறைமுகமாகவோ, குறிப்பாலோ, ஜாடையாலோ, உவமையாலோ, வேறு எவ்விதத்தாலோ சர்க்காரிடம் வெறுப்பை உண்டாக்கக்கூடிய சொற்கள் என்று அதில் வலை விரித்திருந்தார்கள். அச்சாபீஸ்காரன் ஜாமீன் தொகை கட்ட வேண்டும். வலையில் விழுந்தால் தொகை பறிபோகும். உவமைக்கும் பயந்து எழுத வேண்டியிருந்தது. 1922-ல் அந்தச் சட்டம் ரத்தாகும் வரையில் எத்தனை ஆசிரியர்கள் எழுதிய வாக்கியத்தைத் தாங்களே அடித்திருப்பார்கள் என்பதற்கு எந்தத் தஸ்தாவேஜும் இல்லை. அங்கே ஜாமீன் பணத்தைப் பறிப்பதாகப் பயமுறுத்தினார்கள். மிச்சிகனில் மானியப் பணத்தை நிறுத்துவதாகப் பயமுறுத்தினார்கள்.

குறும்படத்துக்காகச் சுப்ரீம் கோர்ட் படியேறிய வழக்கு நம் தேசத்திலும் ஒன்று உண்டு. கே. ஏ. அப்பாஸ் 1968-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை, டில்லி ஆகிய நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் எதிரெதிரே நிறுத்தி ஒரு குறும்படம் செய்தார். பம்பாயின் விலைமகளிர் தெருவைக் காட்டும் பகுதியை வெட்ட வேண்டுமென்று சென்ஸார் அதிகாரிகள் வற்புறுத்தவே, அவர் வழக்காடினார். வழக்கு நடக்கும்போதே சர்க்கார் இறங்கிவந்து வெட்டில்லாமல் சர்ட்டிபிகேட் தர ஒப்புக்கொண்டது. ஆயினும் கொள்கை தீர வேண்டுமென்று அவர் விடவில்லை. 1970-ல் பிரதம நீதிபதி ஹிதாயதுல்லா தலைமையில் கோர்ட் தீர்ப்பளித்தது. முன்கூட்டித் தணிக்கை செய்வது அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்றார்கள். ஆபாசத்துக்கும் கலைக்கும் வித்தியாசம் காட்டும் வகையில் விதிகள் திருத்தப்பட வேண்டும் என்றும் சொன்னார்கள். அப்பாஸ் படத்தில் ஜெயித்தார், கொள்கையில் தோற்றார். ஆன் ஆர்பர்காரர்கள் பணத்தைத் தோற்றுக் கொள்கையில் ஜெயித்தார்கள்.

இவ்வளவு எழுதியபின் ஒன்று சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. யாத்திரை நிகழ்ச்சி ஒன்றில் பத்துப் படங்கள் இருந்தால், இரண்டு மனத்தில் தங்கும். நாலு சகித்துக்கொள்ளக்கூடியவையாக இருக்கும். மற்றவற்றின்போது கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றும். புரியாதவற்றையெல்லாம் ஆழமென்று மெச்சும் கூட்டமும் அங்கே வரத்தான் செய்கிறது. அவர்களுடைய மெச்சுதலைக் கண்டு பயந்து இந்தப் பக்கமே வராதவர்களை நாம் அறிவோம். ஆனால் எந்த இரண்டு தங்கும் என்பதில் பக்கத்து நாற்காலிக்காரர் நம்மோடு ஒத்துக்கொள்ள மாட்டார். முன்கூட்டியே அதைத் தீர்மானிக்கும் சக்தி கவுன்சிலுக்கோ, சட்டசபைக்கோ, நமக்கோ கிடையாது. விட்டில் இறகை ஒட்டிக் காட்டுவது கலையா என்று 1963-ல் வோட்டுக்கு விட்டிருந்தால் பிராக்கேஜுக்கு ஜாமீன் தொகைகூட மிஞ்சியிராது.

இன்று வீட்டிலிருந்தபடியே கைப்பெட்டியில் எந்தப் படத்தையும் பார்க்கலாமே, பெட்டி கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவது எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்று பரவியபோது ஆன் ஆர்பர் விழாவே கொட்டகையை மூடிவிட்டு முழுவதும் மின்வலை வழியாக நடந்தது. அதற்குப் பிறகு அவர்கள் மறுபடியும் கொட்டகைக்குத்தான் திரும்பினார்கள். 'வேவ்லெங்த்' போன்ற படத்தை வீட்டில் பார்ப்பவன் மூன்றாவது நிமிஷத்தில் வேறு பக்கம் தாவிவிடுவான். இருட்டில், ஐம்பது பேருக்கு நடுவில், எழுந்து போனால் பிறர் பார்ப்பார்களே என்ற கூச்சத்திலாவது உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் நாற்பதாவது நிமிஷம் கிடைக்கிறது. படம் முடிந்து விளக்குப் போட்டபின் நடக்கும் சண்டை, படத்தைவிடச் சில சமயம் நன்றாக இருக்கும்.

மார்ச்சில் விழா முடிந்ததும் யாத்திரைக்கான தேர்வு நடக்கிறது. பெரும்பாலான படங்கள் இப்போது பிலிமாக இல்லாமல் மின்கோப்புகளாகப் போகின்றன. விழாவில் இன்னும் சில படங்கள் 16 மில்லிமீட்டரில் ஓடுகின்றன. அவற்றை ஓட்டத் தெரிந்த ஆபரேட்டர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துவருகிறார்கள். நிகழ்ச்சியை வரவழைக்க விரும்பும் கலாசாலையோ சங்கமோ விழா ஆபீஸுக்கு எழுதி, வாடகையைக் கட்டி, தேதி குறித்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த வாடகையிலிருந்து ஒவ்வொரு படக்காரருக்கும் ஒரு சிறு செக் போகிறது.